பார்டோக்கின் ருமேனிய ஆட்டங்களும் நம் வள்ளி கும்மியும்

கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் வயலின் கிரேடு தேர்வுக்காகப் பார்டோக் என்ற ஹங்கேரிய இசையமைப்பாளரின் ருமேனிய நாட்டுப்புற ஆட்டங்களைப் பழகுகிறாள். அதே பாப்பா சாயங்காலத்தில் ஊர்த் திடலில் வள்ளி கும்மியும் பழகுகிறாள். வீட்டில் அவள் சாதகம் செய்வதைக் கேட்ட அப்புச்சி, "மாப்ளே, இது நம்ம கும்மி மெட்டாட்டமே இருக்குது, வெளிநாட்டுக்காரன் எப்படி எழுதினான்?" என்றாராம். அதில் இருந்து மூன்று கேள்விகள். பார்டோக் ஊர்ப்பாட்டை அப்படியே எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டாரா? நம் கும்மி, ஒயிலாட்டம், காவடியில் இருந்து கர்நாடக சங்கீதத்துக்கு இப்படி ஏதாவது வந்திருக்கிறதா? வராவிட்டால் ஏன்? மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆடுகிறவர்களின் இசை உட்கார்ந்து கேட்கிறவர்களின் இசையாக மாறும்போது எது கூடவே போகிறது, எது திடலிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் அவர் கேட்க வந்தது என்று எனக்குப் படுகிறது. நான் ஈரோட்டில் வயலின் கற்றுக்கொடுக்கிறேன். கர்நாடக முறையில் பயின்று, பிறகு மேற்கத்திய முறையையும் படித்து, பல வருடமாகப் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்கிறேன். ஆட்டம் கற்றவன் இல்லை. அதனால் காலடியைப் பற்றி நான் சொல்வதில் எங்காவது உங்கள் கும்மி ஆசிரியர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம். அந்த மெட்டுகள் பார்டோக் கட்டியவை இல்லை, அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. ஹங்கேரிக்காரரான பேலா பார்டோக் (1881–1945) தன் நண்பர் சோல்தான் கோடாயோடு சேர்ந்து 1906 வாக்கில் பாட்டுச் சேகரிக்கும் வேலையில் இறங்கினார். எடிசனின் போனோகிராஃப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், விவசாயிகள் பாடுவதையும் வாசிப்பதையும் மெழுகு உருளையில் பதிவு செய்துவந்து, பிறகு அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சுரம் சுரமாக எழுதிவைத்தார். ஹங்கேரியப் பாட்டோடு நிற்காமல் டிரான்சில்வேனியாவில் ருமேனியர்கள் வாழும் ஊர்களுக்கும் போனார். அங்கே பிடிலிலும் ஆயர் குழலிலும் வாசித்த ஆட்ட மெட்டுகளை வைத்து 1915-இல் பியானோவுக்கு எழுதியவைதான் இந்த ஆறு சிறு உருப்படிகள். 1917-இல் அவரே சிறிய ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். பாப்பா வாசிப்பது அனேகமாக சோல்தான் சேக்கெய் என்ற வயலின் கலைஞர் 1925-இல் வயலினுக்கும் பியானோவுக்குமாகச் செய்த வடிவமாக இருக்கும். ஆறும் சேர்ந்தாலும் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் இதற்கு "ஹங்கேரியில் இருந்து ருமேனிய நாட்டுப்புற ஆட்டங்கள்" என்றுதான் பெயர் வைத்திருந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு டிரான்சில்வேனியா ருமேனியாவோடு போய்ச் சேர்ந்ததும் ஹங்கேரியைப் பெயரில் இருந்து எடுத்துவிட்டார். மெட்டு யாருடையது என்பது தலைப்பிலேயே இருந்தது.

அப்படியானால் பார்டோக் செய்தது என்ன? மெட்டைத் தொடாமல் விட்டு, அதன் அடியில் வரும் கூட்டுச்சுரங்களை அவர் அமைத்தார். எந்த ஆட்டத்துக்கு அடுத்து எது வரவேண்டும் என்று வரிசைப்படுத்தினார். கம்பைக் கையில் பிடித்து ஆடும் ஆட்டத்தில் ஆரம்பித்து, இடுப்புக் கச்சை ஆட்டம், நின்ற இடத்திலேயே காலை மிதித்து ஆடுவது, ஒரு நிதானமான மும்மை நடை, பிறகு இரண்டும் மூன்றுமாக அளவு மாறி மாறி வரும் போல்கா, கடைசியில் பொடிப்பொடியாகக் காலடி வைத்து ஓடும் வேகமான ஆட்டம் என்று ஏறிக்கொண்டே போகும். மூன்றாவதைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். அது குழலில் வாசித்துக் கேட்ட மெட்டு. சின்ன எல்லைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. கீழே பியானோ தம்பூரா மாதிரி விடாமல் ஒரே சுருதியில் நிற்கும். சேக்கெய் வடிவத்தில் இதை வயலினில் முழுக்க முழுக்க ஹார்மோனிக்ஸில் வாசிக்க வேண்டும். ஆள்காட்டி விரல் தந்தியை அழுத்தியிருக்க, சுண்டு விரல் அதே தந்தியை மேலே தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். விரல் ஒரு மயிரிழை தள்ளினாலும் சத்தம் வராது, வில்லை அழுத்தினாலும் வராது. சரியாக வந்தால் வயலின் குரல் போய்க் குழல் குரல் வரும். பிள்ளைகள் இதை ஒரு வித்தை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். ஏதோ ஒரு ஊரில் ஒருவர் ஊதிய குழலின் குரலை வயலினில் கொண்டுவரத்தான் இத்தனை பாடு என்று சொல்லிக்கொடுத்தால் கை தானாகவே மென்மையாகிறது.

ஆனால் எல்லா மேற்கத்திய இசையமைப்பாளர்களும் பார்டோக் மாதிரி வேலை செய்தவர்கள் இல்லை. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பிராம்ஸின் ஹங்கேரிய ஆட்டங்கள் மொத்தம் 21. முதல் பத்தை 1869-இலும் மீதியை 1880-இலும் வெளியிட்டார். அதில் ஐந்தாவதைக் கேட்காத காது இருக்காது. அதன் மெட்டு கேலெர் பேலா என்ற இசையமைப்பாளர் எழுதிய ஒரு சார்தாஷ், அதாவது ஹங்கேரிய ஆட்ட இசை. பிராம்ஸ் அதைப் பெயர் தெரியாத ஊர்ப்பாட்டு என்று நினைத்துவிட்டார். அதேசமயம் இவற்றைத் தன் சொந்தப் படைப்பு என்று அவர் சொல்லவில்லை. தன் படைப்புகளுக்குப் போடும் வரிசை எண்ணை இவற்றுக்குப் போடாமல், ஏற்பாடு செய்தவை என்றுதான் வெளியிட்டார். அந்தக் காலத்தில் நகரத்து விடுதிகளில் ரோமா (ஜிப்சி) வாத்தியக் குழுக்கள் வாசித்ததையே உலகம் ஹங்கேரிய நாட்டுப்புற இசை என்று நம்பியது. கிராமத்தில் இருப்பது அதைவிடப் பழசு, வேறு தினுசு என்று பார்டோக்கும் கோடாயும் காட்டியது பிராம்ஸ் காலத்துக்குப் பிறகுதான். இன்று நம் பக்கம் கல்யாண மண்டப மேடையில் கேட்பதை மட்டும் வைத்து "இதுதான் கொங்கு நாட்டு இசை" என்று ஒருவர் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி.

செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் வழி இன்னொன்று. 1878-இல் எட்டு, 1886-இல் எட்டு என்று அவர் எழுதிய ஸ்லாவிய ஆட்டங்களில் மெட்டுகள் எல்லாம் பெரும்பாலும் அவருடைய சொந்தக் கற்பனை. ஊரில் இருந்து அவர் எடுத்தது ஆட்டத்தின் நடையை மட்டும். முதல் தொகுதியின் முதல் உருப்படி ஃபூரியாந்த் என்ற செக் நாட்டு ஆட்டம். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பட்டைக்கும் (பார்) மூன்று எண்ணிக்கை என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கும். காதில் விழுவது வேறு. கையைத் தட்டிப் பாருங்கள்: ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. மூன்று இரட்டை, இரண்டு மும்மை, மொத்தம் பன்னிரண்டு. தாளம் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். நோட்டை மட்டும் பார்த்து வாசிக்கிறவர்கள் வாரக்கணக்கில் தடுமாறுவார்கள். மெட்டு புதிதாக இருந்தும் அது செக் ஆட்டமாகவே கேட்பதற்குக் காரணம் இந்தப் பன்னிரண்டில் அழுத்தம் விழும் இடங்கள்தான்.

பார்டோக்கே பின்னாளில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கிராமத்து மெட்டை எடுத்துத் துணையிசை சேர்ப்பது ஒரு வழி, அதே சாயலில் தானாக ஒரு மெட்டைக் கட்டுவது இரண்டாவது வழி, மெட்டோ அதன் நகலோ எதுவும் இல்லாமல் அந்த மண்ணின் பேச்சே இசையமைப்பாளரின் தாய்மொழியாக ஆகிவிடுவது மூன்றாவது வழி. இந்த மூன்றோடு நாலாவதாக ஒன்றை நான் சேர்ப்பேன். ஆட்டம் மறைந்து பெயர் மட்டும் நிற்பது. பாக்கின் ஆறு செல்லோ தொகுதிகளிலும் அலமாந்து, குராந்து, சரபாந்து, ஜீக் எல்லாம் ஆட்டங்களின் பெயர்கள்தான். சரபாந்து ஸ்பெயினில் ஆபாசமான ஆட்டம் என்று 1583-இல் தடை செய்யப்பட்ட துள்ளலான ஆட்டம். பாக்கின் கைக்கு வருவதற்குள் மிக மெதுவான, கம்பீரமான இசையாகிவிட்டது. அதற்கு யாரும் ஆடவில்லை. ஆனாலும் ஒரு மிச்சம் இருக்கிறது: மூன்றில் இரண்டாவதன் மேல் சாய்ந்து நிற்கும் அந்தப் பாரம். ஷோப்பான் எழுதிய ஐம்பதுக்கு மேற்பட்ட மசூர்க்காக்களும் அப்படித்தான். போலந்து நாட்டு ஆட்டத்தில் பாரம் முதல் எண்ணிக்கையில் விழாமல் இரண்டிலோ மூன்றிலோ போய் விழும். முதல் எண்ணிக்கையில் அழுத்தி வாசித்தால் அது வால்ஸ் ஆகிவிடும், மசூர்க்கா ஆகாது.

இத்தனையும் சொன்னதற்குக் காரணம், கடைசிவரை கூடப் போவது மெட்டு இல்லை, கால் எங்கே பாரத்தை இறக்குகிறது என்பதுதான் என்று நான் நம்புகிறேன். மெட்டு மாறலாம், ராகம் மாறலாம், வாத்தியம் மாறலாம். பாரம் விழும் இடம் மாறினால் ஆட்டம் செத்துப் போகும். நம் கும்மியையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் தெரிந்த பாரதியின் கும்மி: "கும்மி யடிதமிழ் நாடு முழுதும் குலுங்கிடக் கைகொட்டிக் கும்மியடி". சீர்களை எண்ணினால் ஏழுதான் வரும். ஆனால் ஆடுகிறவர்களின் கால் எட்டு வைக்கும். நாலு நாலாகப் போகிற காலுக்கு எட்டாவது அடியில் புதுச் சொல் கிடையாது. ஏழாவது சீர் நீண்டு அந்த இடத்தை நிரப்பும், கால் நிற்காது. ஒவ்வொரு சீரும் உள்ளுக்குள் 'தகிட' என்று மூன்றாக ஓடும். அந்த மூன்றில் முதலாவதில் கைதட்டு விழும். வயலினில் இந்த மெட்டை வாசிக்கச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் எல்லாச் சுரத்தையும் ஒரே கனத்தில் இழுத்து, ஏழாவது சீர் முடிந்ததும் எட்டாவது அடிக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார்கள். சுரம் எல்லாம் சரியாக இருக்கும், கும்மி இருக்காது. எழுந்து நின்று நாலு அடி நடந்துகொண்டே பாடச் சொன்னால் அந்த நிமிடமே சரியாகிவிடும். பார்டோக்குக்கும் நான் இதையேதான் செய்யச் சொல்கிறேன். கம்பு ஆட்டத்தை வில்லைத் தொடுவதற்கு முன்னால் நடந்து பார்க்க வேண்டும்.

அப்புச்சி சொன்னதற்கு வருகிறேன். டிரான்சில்வேனியாவுக்கும் கொங்கு நாட்டுக்கும் இந்த மெட்டுகள் வழியாக ஒரு வரலாற்றுத் தொடர்பு இருந்தது என்று காட்ட எந்தச் சான்றும் இல்லை. ரோமா மக்களின் முன்னோர் இந்தியாவில் இருந்து போனவர்கள் என்பது மொழி ஆராய்ச்சியால் உறுதியானது. அதை வைத்து "பார்த்தீர்களா, எல்லாம் இங்கிருந்து போனதுதான்" என்று சிலர் வீடியோ போடுகிறார்கள். அவர்கள் போனது வட இந்தியாவில் இருந்து, அதுவும் சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன்னால். அதில் இருந்து வள்ளி கும்மிக்குக் கோடு போட்டுவிட முடியாது. ஆனால் அப்புச்சியின் காது பொய் சொல்லவில்லை. ஊரே சேர்ந்து ஆடுகிற பாட்டுக்குச் சில கட்டாயங்கள் உண்டு. எல்லாக் குரலுக்கும் எட்ட வேண்டும், ஆகவே ஐந்தாறு சுரத்துக்குள் முடிய வேண்டும். ஆடி மூச்சிரைக்கும்போதும் பாட வேண்டும், ஆகவே வரி சின்னதாக இருக்க வேண்டும். ஒரு முறை கேட்டதும் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆகவே ஒரே வரி திரும்பத் திரும்ப வர வேண்டும். பொழுது ஏற ஏற வேகம் கூட வேண்டும். ஈரோட்டில் பெரிய மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட்டு இரவில் இளவட்டங்கள் அதைச் சுற்றி ஆடும்போது மேளம் எப்படி ஏறுகிறது என்று கேட்டவர்களுக்கு, நிதானமாகத் தொடங்கி வெறியாக முடியும் சார்தாஷ் புதிதாகத் தெரியாது. ஒரே தேவை இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி உருவத்தைக் கொடுத்திருக்கிறது என்பது என் கருத்து.

இனி நம் பக்கம். ஆட்டத்தில் இருந்து கர்நாடக சங்கீதத்துக்கு வந்தது நிச்சயமாக உண்டு, ஆனால் வந்த பாதை வேறு. ஐரோப்பாவில் ஆட்டம் வாத்திய இசையாக மேடை ஏறியது. இங்கே யாப்பின் வழியாக, பாட்டாக ஏறியது. சந்தேகமே இல்லாத சான்று காவடிச் சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) ஊற்றுமலை ஜமீன்தார் ஆதரவில், கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போகும் வழிநடைக்காகப் பாடியவை அவை. தோளில் காவடியோடு ஆடி நடக்கிறவனின் மூச்சும் அடியும்தான் அதன் யாப்பு. எதுகையும் இயைபும் அவ்வளவு நெருக்கமாக அடுக்கடுக்காக வருவது காலுக்குப் பிடிமானம் வேண்டும் என்பதால்தான். 26 வயதில் இறந்துபோன அந்த மனிதரின் சிந்துகள் இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் பெரிய கீர்த்தனைகளுக்கு நடுவே நொண்டிச் சிந்தும் வரும். இதெல்லாம் எழுத்தில் இருப்பது, யாரும் மறுக்க முடியாது.

வேடிக்கையாக ஒரு விஷயம், ஐரோப்பிய ஆட்ட மெட்டே கர்நாடக சங்கீதத்துக்குள் வந்திருக்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதர் பிரிட்டிஷ் பேண்டுகளில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பெயர், நாற்பதுக்குக் கிட்டத்தட்ட இருக்கின்றன. அந்த மெட்டுகளில் சில ஆட்டத்துக்கு வாசித்தவை. 'சக்தி ஸஹித கணபதிம்' பாட்டின் மெட்டு 'ஆட வருகிறீர்களா' என்ற பொருளில் தொடங்கும் ஒரு பிரெஞ்சு ஆட்டப் பாட்டு என்று ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். வயலினைக் கச்சேரிக்குக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் அவருடைய தம்பிதான். பாப்பா சின்ன வயதில் இதை வாசித்திருப்பாள். எங்கள் பக்கம் வயலின் வகுப்பில் பிள்ளைகள் முதலில் பழகும் உருப்படிகளில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஆட்டத்தை அவள் ஏற்கெனவே சங்கராபரணத்தில் கணபதி மேல் வாசித்துவிட்டாள் என்று அப்புச்சியிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத இடம் ராகங்கள். செஞ்சுருட்டி, நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, நவரோஜ், குறிஞ்சி எல்லாம் நாட்டுப்புறத்தில் இருந்து வந்தவை என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதுகிறார்கள். அதற்கு நல்ல அறிகுறி இருக்கிறது. இவை மேல் ஸ்தாயி வரை ஏறுவதில்லை. நாதநாமக்கிரியையும் புன்னாகவராளியும் நிஷாதத்தோடு நின்றுவிடும். நவரோஜ் பஞ்சமத்தோடு முடியும். ஊர்கூடிப் பாடுகிற பாட்டின் குறுகிய எல்லை என்று மேலே சொன்னேனே, அதே குணம். தாலாட்டிலும் கும்மியிலும் இந்தச் சாயல் காதில் விழுவதும் உண்மை. ஆனால் சாயல் இருப்பதை வைத்து இது அதில் இருந்து வந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. கோயில் பாட்டில் இருந்து ஊருக்கு இறங்கியும் இருக்கலாம், இரண்டும் ஒன்றோடொன்று கொடுத்து வாங்கியும் இருக்கலாம். அந்தக் காலத்துக்கு மெழுகு உருளை கிடையாது. இன்ன ஆட்டத்தில் இருந்து இன்ன ராகம் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். தில்லானாவையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது சதிர் மேடையின் ஆட்டத்தோடு, அதாவது இன்றைய பரதநாட்டியத்தின் முந்தைய வடிவத்தோடு சேர்ந்தது, திடல் ஆட்டத்தோடு இல்லை.

கொங்கு நாட்டைத் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். இங்கே ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. வள்ளி கும்மி, ஒயிலாட்டம், காலில் பெரிய பெரிய சலங்கை கட்டி ஆடும் பெருஞ்சலங்கையாட்டம், கோவை, மேட்டுப்பாளையம் பக்கத்தில் நெஞ்சே அதிரும்படி அடிக்கும் துடும்பு, பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் தீர்த்தம் முத்திரித்துப் பழனிக்கு நடக்கும் காவடி. வள்ளி ஒயில் கும்மிக்காகவே கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்று உங்கள் பாப்பா திடலில் நிற்பதற்கு அந்த மாதிரி ஆசிரியர்கள் எடுத்த முடிவுதான் காரணம். சங்கீதப் பக்கம் பார்த்தால் மொடக்குறிச்சிக்குப் பக்கத்தில் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன் (1908–1987). கீர்த்தனைகள் எழுதியவர், தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர், நாட்டுப்பாடல்களையும் தொகுத்து வெளியிட்டவர். சபாவில் பாடுகிற கீர்த்தனையும் வரப்பில் பாடுகிற பாட்டும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தன. ஆனால் பார்டோக் செய்தது போலக் கொங்கு ஆட்டங்களை வரிசைப்படுத்தி, உட்கார்ந்து கேட்கும் வாத்திய இசையாகக் கட்டிய ஒரு படைப்பு, எல்லாரும் அறிய, மேடையில் நிலைத்து நிற்கும் அளவுக்கு இன்னும் உருவாகவில்லை. ஆட்டத்தின் அடிகள் சினிமாவுக்குத்தான் போயின. அங்கே வயலின் கூட்டமும் தப்பட்டையும் சேர்ந்து ஒலிக்கக் கேட்கிறோம், அதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் அது நாலு நிமிடப் பாட்டின் தேவைக்கு உட்பட்டது.

ஏன் உருவாகவில்லை என்றால், எனக்குத் தெரிகிற முதல் காரணம் மேளத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. நாட்டுப்பாட்டின் சொற்களைத் தொகுத்தவர்கள் பலர். அவர்களுக்கு நன்றிக்கடன் இருக்கிறது. ஆனால் அச்சிட்ட கும்மிப் புத்தகத்தில் சொல் மட்டும் இருக்கும். எந்த அடியில் திரும்புகிறார்கள், எங்கே குனிகிறார்கள், எங்கே மேளம் ஒரு அடியை விழுங்குகிறது என்பதெல்லாம் இருக்காது. சொல்லை வைத்துக் கவிஞன் வேலை செய்யலாம், வாத்தியத்துக்கு எழுதுகிறவன் என்ன செய்வான்? இரண்டாவது காரணத்தைச் சொல்லத் தயங்கினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தப்பட்டையும் துடும்பும் அடிக்கிறவர்களும் சபாவில் உட்காருகிறவர்களும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போகாத சமூகமாக இருந்தோம். அடியைக் கேட்டார்கள், அடிக்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் பண்டிகை நோட்டீஸில் கும்மி ஆசிரியர் பெயர் வரும், கச்சேரிக்காரர் பெயர் வரும், மேளக்காரர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. நார்வேயில் வயதான பிடில்காரர் க்னூட் டாலே, தன் ஆட்ட மெட்டுகள் தன்னோடு அழிந்துவிடக் கூடாது என்று இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்குக்குக் கடிதம் எழுதினார். ஹால்வோர்சன் என்ற வயலின் கலைஞர் அவர் வாசிக்க வாசிக்க எழுதிக்கொண்டார். அதை வைத்து கிரீக் பியானோவுக்குச் செய்த 17 உருப்படிகள் 1903-இல் வெளிவந்தபோது, ஹால்வோர்சன் எழுதிய பிடில் வடிவமும் கூடவே வெளிவந்தது. டாலேயின் பெயர் இன்றும் அந்தப் படைப்போடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. நம் ஊர் மேளக்காரர் ஒருவர் பெயரும் ஒரு நாள் அப்படி நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. வள்ளி கும்மி இன்று ஆயிரக்கணக்கில் பெண்கள் சேர்ந்து ஆடும் ஆட்டமாக வளர்ந்திருப்பது பெரிய சந்தோஷம். ஆனால் சில இடங்களில் கீபோர்டில் தாளத்தை ஓடவிட்டுவிட்டு அதற்கு ஆடுகிறார்கள். மெஷின் ஒரே வேகத்தில் போகும். நேரில் பாடுகிற ஆசிரியர் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துப் பாடுகிறவர். முன் வரிசை களைத்தால் ஒரு வரியை இன்னொரு முறை பாடி மூச்சு விட இடம் கொடுப்பார், கால் சூடாகிவிட்டது என்று தெரிந்தால் ஜால்ராவைத் தட்டி வேகத்தை ஏற்றுவார். இசைக்கு எழுதுகிறவனுக்கு வேண்டிய சரக்கு இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

பாப்பாவுக்கு என்ன சொல்லலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேர்வு உருப்படியோடு பார்டோக்கின் மிக்ரோகாஸ்மோஸ் தொகுதியின் கடைசி ஆறையும் கேட்கச் சொல்லுங்கள். 148 முதல் 153 வரை, பல்கேரிய நடையில் அமைந்த ஆட்டங்கள். வாசிக்க வேண்டாம், அவை பியானோவுக்கு எழுதியவை, கடினமானவை. 150-ஐ ஓடவிட்டுத் தட்டச் சொல்லுங்கள்: இரண்டு, மூன்று. நம் கண்ட சாபு தாளம். 149 இரண்டு, இரண்டு, மூன்று. மூன்று, இரண்டு, இரண்டு என்று போகும் நம் மிஸ்ர சாபுவைத் திருப்பிப் போட்டது. கர்நாடகம் பழகிய பிள்ளைக்கு இந்த இடத்தில் பியானோ படிக்கும் எந்த வெளிநாட்டுப் பிள்ளையைவிடவும் முந்திய பாடம் கையில் இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு தேர்வுக்குப் போகட்டும். பிறகு, அவளுடைய கும்மி ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு முழு ஆட்டத்தைப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாடுகிறவர், மேளக்காரர், ஜால்ரா தட்டுகிறவர் எல்லாருடைய பெயரையும், ஊரையும், தேதியையும் அவர்களே சொல்லும்படி முதலில் பதிவு செய்யட்டும். போனை மைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஆடுகிறவர்களின் காலுக்குப் பக்கத்தில், தரையில் வைக்கச் சொல்லுங்கள். பாட்டு கொஞ்சம் மங்கலாக விழுந்தாலும் பரவாயில்லை, அதை ஆசிரியரிடம் உட்கார்ந்து மறுபடியும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். காலடியைத் தனியாகக் கேட்டு எழுத வேறு வழி இல்லை.